மிதவையடியில் நிற்கும் மீனை மாதிரி எடுத்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: குளச்சல் பக்கம் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறோம். நாலு பேர் சேர்ந்து டிரம், பழைய வலை, தென்னை ஓலை கட்டி, மீன் வந்து கூடுவதற்காக மிதவை ஒன்றை நங்கூரமிட்டு விட்டிருக்கிறோம். படகை ஓட்டி இழுக்கும் தூண்டிலில் சின்னச் சூரைதான் படுகிறது. அடியில் பெரிய மீன் நிற்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: இழுக்கும் தூண்டில் மேல்நீரில் இரை விரட்டுகிற மீனை மட்டுமே காட்டும். அதை வைத்து மிதவையைக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் போகும்.

மீன்கள் அடுக்கடுக்காக நிற்கும். ஓலையை ஒட்டியே சிறு குஞ்சுகளும் கிளாத்தியும். கொஞ்சம் தள்ளிப் பாரைமீன் குட்டிகள், மகி மகி மீன். சூரையும், அதன் பெரிய இனமான கேரையும் எந்நேரமும் மிதவையோடு ஒட்டி நிற்பதில்லை. பல கிலோமீட்டர் சுற்றளவில் வந்து போகும், பெரும்பாலும் நீவாடு (நீரோட்டம்) வரும் பக்கமாக நிற்கும். ஆகவே ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கருவி வேண்டும். ஒட்டி நிற்பவற்றுக்குக் கயிற்றில் கட்டி இறக்கும் நீருக்கடிக் கேமரா போதும். 10 நிமிடம் ஓடவிட்டு, ஒரே காட்சியில் அதிகமாகத் தெரிந்த எண்ணிக்கையை இனவாரியாக எழுதுங்கள். வந்து வந்து போகிற மீனையெல்லாம் கூட்டினால் ஒரே மீனைப் பலமுறை எண்ணியதாகிவிடும். கலங்கல் தண்ணீரில் கேமரா வீண்.

பெரிய கேரைக்குத் தங்கூசி (நைலான் நரம்பு) தூண்டிலில் கணவாய் இரை கோத்து, எடைக்கல் கட்டி, நேர்கீழாக 30, 50, 70 பாகத்தில் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) இறக்குங்கள். மிதவைக்கு நேர்மேலே வேண்டாம். நங்கூரக் கயிற்றில் சுற்றிக்கொள்ளும். நீவாட்டின் மேல்பக்கம் சற்று விலகி நின்று இறக்கிப் பாருங்கள். செவுள்வலையை இந்த வேலைக்குப் போடவே போடாதீர்கள். கயிற்றில் மாட்டினால் வலையும் போகும், மிதவையும் போகும்.

நேரம் மாறினால் மீனும் மாறும். விடியலுக்கு முன் சூரைக்கூட்டம் மிதவையடியில் நெருங்கி நிற்பது வழக்கம், வெயில் ஏறினால் கலைந்துவிடும். விடியலுக்கு ஒருமுறை, நண்பகலுக்கு ஒருமுறை என்று ஒரே எண்ணிக்கைத் தூண்டிலை ஒரே கால அளவுக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை தூண்டில், எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆழம் என்று குறிக்காவிட்டால் பிடித்த எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை. வெறுங்கையோடு வந்த நாளையும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மிதவையடியில் இருப்பதைவிட அதிக மீன் நிற்பதாகத் தெரிவது அதனால்தான். மிதவையே இல்லாத திறந்த கடலில், மிதவையை விட்டு வெகுதூரம் தள்ளி, இதே வேலையை இதே அளவுக்குச் செய்யுங்கள். ஒப்பிட வேறு வழியில்லை.

அளப்பது: மீனின் வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவின் உள்வளைவு வரை, பலகையில் நேராக. உடலின் மேல் டேப்பை வளைத்தால் நீளம் கூடிவிடும். பெட்டியில் மேலே கிடப்பதை மட்டும் எடுக்காமல், தரம் பிரிப்பதற்கு முன்பே, ஒரு இனத்துக்கு 30 மீனாவது அளந்தால் நல்லது. குட்டியில் இனம் மயங்கும்: வயிற்றில் நீளவாக்கில் கோடுகள் இருந்தால் வரிச்சூரை, முதுகில் நெளிகோடும் மார்புத் துடுப்புக்குக் கீழே சில புள்ளிகளும் இருந்தால் சாதாரணச் சூரை, வயிற்றுப் பக்கம் குறுக்குக் கோடும் புள்ளிவரிசையும் மாறி மாறி வந்தால் கேரைக் குட்டி.

வரிச்சூரை சுமார் 40 செ.மீ. நீளத்தில் முட்டைக்கு வரும். மஞ்சள் துடுப்புக் கேரைக்கு ஏறத்தாழ 1 மீட்டர் ஆக வேண்டும். மிதவையடியில் படும் அரை மீட்டர் கேரை எல்லாம் குஞ்சுதான். ஆழத்தூண்டிலில் 1 மீட்டரை நெருங்கும் மீன் திரும்பத் திரும்பப் பட்டால் தொழிலை அங்கே மாற்றலாம். எல்லா ஆழத்திலும் குட்டியே படுகிறதென்றால் அந்தக் கேரையை விட்டுவிட்டு, வரிச்சூரைக்கும் மகி மகிக்கும் மட்டும் போய் வாருங்கள்.

ஒன்று கூடுதலாக: அந்தப் பழைய வலையை அவிழ்த்துவிடுங்கள். அதில் ஆமையும் இளம் சுறாவும் மாட்டிச் சாகும். தென்னை ஓலையும் தேங்காய் நார் வடமும் போதும்.