மேடையில பேச்சு, கையில ஃபோன்: ரெண்டும் ஒத்துப்போகுமா?

கேள்வி: அக்கா, எங்க இலக்கியக் குழு விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துல ஒரு நாள் சிறுகதை மாநாடு வைக்குது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப்ல லைவா போடணும்னு இளையவங்க சொல்றாங்க. ஆளாளுக்கு ஃபோனை நோண்டிக்கிட்டிருந்தா பேச்சை யாரு கேப்பான்னு பெரியவங்க கோவிச்சுக்கிறாங்க. என்ன செய்யலாம்?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: பெரியவங்க கேக்குறது நியாயம்தாம்மா, அதுக்காக லைவ் வேணாம்னு விட்டுடாதீங்க, வேலைக்குப் போறவங்க, பிள்ளையை விட்டுட்டு வர முடியாதவங்கன்னு வீட்டுல இருந்தே கேக்க ஆசைப்படுறவங்க நம்ம ஊர்ல நிறைய பேரு. இந்த வேலைக்குன்னு ரெண்டு பேரை விடுங்க, மத்தவங்க நிம்மதியா பேச்சைக் கேக்கட்டும்.

ஒருத்தர் மேடையில நடக்குறதை அப்பப்ப எழுதிப் போடணும். "அருமையான உரை"ன்னு போட்டா வீட்டுல இருக்கறவருக்கு என்ன புரியும்? யாரு பேசினாங்க, எந்தக் கதையை எடுத்துக்கிட்டாங்க, என்ன சொன்னாங்க, இதை மூணு வரியில போடணும். பேசுறவங்க கட்டுரையை முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டா பேரு, தலைப்பெல்லாம் தப்பில்லாம வரும்.

இன்னொருத்தர் முன்வரிசையில உக்காந்து கமெண்ட்ல வர்ற கேள்வியைத் துண்டுச்சீட்டுல எழுதி நெறியாளர் கையில கொடுக்கணும், அவரும் அரங்குல ரெண்டு கேள்வி எடுத்தா வெளியிலேர்ந்து ஒண்ணாவது எடுக்கணும். என்னைக் கேட்டா இதுதான் முக்கியம், கேள்வி மேடைக்குப் போகலேன்னா நீங்க போடுறதெல்லாம் வெறும் விளம்பரம்தான்.

பேசுறவங்க முதுகுக்குப் பின்னாடி கமெண்ட் ஓடுற ஸ்க்ரீன் மட்டும் வேணவே வேணாம், எல்லாரு கண்ணும் அங்கதான் போகும், பேசுறவங்க பாவம். 2007ல அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவுல ட்விட்டர்காரங்க ஸ்க்ரீனை வராந்தாவுலதான் வச்சாங்க, நடந்து போறவங்க நின்னு படிச்சாங்க, ட்விட்டர் பரவுனதே அதுக்கப்புறம்தான். நீங்களும் டீ குடிக்கிற இடத்துல வைங்க.

பதிவையெல்லாம் சேர்த்துத் தேட # போட்டு எழுதுற ஹேஷ்டேக் ஒண்ணே ஒண்ணு போதும், அதை அழைப்பிதழ்லயே அச்சடிச்சுடுங்க. நடுவுல இடைவெளி விட்டா அங்கேயே அறுந்துடும், சேர்த்து எழுதுங்க. தமிழ்லயே வைங்கம்மா, 1997ல கணினித் தமிழுக்காக தமிழ்நெட் மாநாடு நடந்த ஊரு இது, நம்ம எழுத்தாளர் நா.கோவிந்தசாமி மாதிரி ஆளுங்க கணினியில தமிழ் வரணும்னு அவ்வளவு பாடுபட்டிருக்காங்க.

பள்ளிப் பிள்ளைங்க வந்தா பெற்றோர்கிட்ட கேட்டுட்டு படம் போடுங்க. அன்னைக்கு ராத்திரியே எல்லாப் பதிவையும் ஒரே இடத்துல தொகுத்துடுங்க, விட்டா ரெண்டு நாள்ல கீழ போயிடும், அப்புறம் தேடினாலும் கிடைக்காது.