மடிக்கும் டேப்லெட்டைத் திரைக் கீபோர்டோடு லேப்டாப்பாகப் பயன்படுத்த முடியுமா?

சட்டக் கல்லூரியில் சேரப்போகும் தங்கைக்கு லேப்டாப் வாங்குவதா, இல்லை நடுவில் மடியும் பெரிய டேப்லெட்டை வாங்கி, கீழ்ப்பாதித் திரையில் வரும் கீபோர்டிலேயே டைப் செய்து சமாளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழிலும் நிறைய எழுத வேண்டியிருக்கும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேலத்தில் அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். பத்திரம், மனு, அஃபிடவிட் என்று பொழுதெல்லாம் தமிழில் தட்டிக்கொண்டிருப்பதுதான் பிழைப்பு.

மடியும் திரை லேப்டாப் வேலைக்குத் தாராளமாக ஆகும். திரைக் கீபோர்டு ஆகாது. தனிக் கீபோர்டும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தயாரிக்கிற கம்பெனிகளுக்கே இது தெரியும். 2010-லேயே தோஷிபா, லிப்ரெட்டோ டபிள்யூ100 என்று இரண்டு 7 அங்குலத் திரை கொண்ட சின்ன லேப்டாப்பை விட்டது. கீழ்த்திரைதான் கீபோர்டு. அந்த வழி நிலைக்கவில்லை. 2019-ல் மைக்ரோசாஃப்ட் காட்டிய சர்ஃபேஸ் நியோவில் இரண்டு திரை இருந்தும், கீழ்த்திரை மேல் உட்காரும்படி ஒரு நிஜக் கீபோர்டையும் சேர்த்தே காட்டினார்கள். அது கடைக்கே வரவில்லை. பிறகு மடியும் திரை வந்தது. 2020-ல் லெனோவா திங்க்பேட் எக்ஸ்1 ஃபோல்ட், 2022-ல் அசூஸ் ஜென்புக் 17 ஃபோல்ட், 2023-ல் எச்பி ஸ்பெக்டர் ஃபோல்டபிள், 2025-ல் ஹுவாவே மேட்புக் ஃபோல்ட். நான்குக்கும் தனியாக ஒரு புளூடூத் கீபோர்டு உண்டு. திரையிலேயே எழுதிவிட முடியுமென்றால் இதற்கு அவசியமே இருந்திருக்காது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்தவர்களுக்கு ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’ பாடம் மறக்காது. எட்டு விரலும் நடு வரிசையில் படுத்திருக்க வேண்டும். அங்கிருந்து போய்த் தட்டிவிட்டு அங்கேயே திரும்ப வேண்டும். டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயரில் ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையரில் 45 என்று வேகம் ஏறுவதெல்லாம் இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான். தொடுதிரையில் விரலைப் படுக்க வைக்கவே முடியாது. விரல் தொடுவதைத்தான் அது உணர்கிறது, அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. படுத்த விரலும் தட்டிய விரலும் அதற்கு ஒன்றுதான். அதனால் பத்து விரலையும் அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடியே எழுத வேண்டும். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது.

தட்டினால் லேசாக அதிர்கிற வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்த அதிர்வு தட்டிய பிறகுதான் வருகிறது. டைப் அடிப்பவருக்குத் தட்டுவதற்கு முன்பே விரல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். எஃப், ஜே கட்டைகளில் சின்ன மேடு வைத்திருப்பது இதற்காகத்தான். தமிழ் எழுத்துகளைக் கட்டைகளில் அடுக்கும் தமிழ்99 முறையில் எஃப்-இல் மெய்யெழுத்துக்கான புள்ளி, ஜே-யில் ‘ப’. இடது ஆள்காட்டி விரல் புள்ளியிலும் வலது ஆள்காட்டி விரல் ‘ப’விலும் நிற்கும். ‘ப’வுக்கு இடப்பக்கம் ‘க’, வலப்பக்கம் ‘ம’.

இந்த மூன்றெழுத்து படுத்தும் பாட்டை நான் நேரிலேயே பார்த்தேன். பொங்கலுக்கு ஏற்காட்டில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். நாகலூர் பக்கம் காபித் தோட்டம். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் 17 அங்குல மடிக்கும் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார், கீபோர்டைக் கொண்டுவரவில்லை. தோட்டத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரைவைத் திருத்தித் தரச் சொன்னார் பெரியப்பா. காகிதத்தைப் பார்த்தபடி திரையில் தட்டினேன். நாலைந்து வரிக்குள் வலது ஆள்காட்டி விரல் இப்படியும் அப்படியும் ஒரு கட்டை தள்ளிப் போய்விட்டது, எனக்குத் தெரியவே இல்லை. ‘பட்டா’ ஒரு இடத்தில் ‘கட்டா’, இன்னொரு இடத்தில் ‘மட்டா’. இதையாவது கண் பிடித்துவிடும். ‘அதன்படி’ என்பதில் ‘படி’ போய் ‘மடி’யோ ‘கடி’யோ வந்தால், மூன்றும் தமிழ்ச் சொல்தான், பிழைதிருத்தி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம். சர்வே எண்ணும் செக்குபந்தியும் (நிலத்தின் நான்கு எல்லை) வரும் இடத்தில் இப்படி நடந்தால் யார் பொறுப்பு? கட்டையைப் பார்த்துத் தட்டினால் காகிதத்தைப் பார்க்க முடியாது. காகிதத்தைப் பார்த்தால் விரல் நகர்ந்துவிடும். ஈரக் கையோடு தொட்டால் அது வேறு தொல்லை, தண்ணீர்த் துளியையும் விரல் என்று நினைத்துக்கொள்கிறது.

இட நெருக்கடி இன்னொன்று. சாதாரணக் கீபோர்டில் ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு சுமார் 19 மில்லிமீட்டர். ஆங்கிலத்துக்கு மேல் வரிசையில் பத்துக் கட்டை போதும், 19 சென்டிமீட்டர். தமிழ்99-க்கு ‘ச’, ‘ஞ’ வரை பன்னிரண்டு கட்டை வேண்டும், கிட்டத்தட்ட 23 சென்டிமீட்டர். 13.3 அங்குல மாடலை மடித்து நிறுத்தினால் கீழ்ப்பாதியின் அகலம் 20 சென்டிமீட்டர்தான். ஆங்கிலம் ஒட்டிப் பிடித்து உட்காரும். தமிழுக்குக் கட்டையைச் சிறிதாக்கியே ஆக வேண்டும், பழகிய கை அங்கே தடுமாறும். 17.3 அங்குலத்தில் 26 சென்டிமீட்டர் கிடைக்கும், அதில் அடங்கும். வெளிநாட்டு விமர்சன வீடியோக்கள் ஆங்கிலத்தை வைத்து ‘போதும்’ என்று சொல்வதை நம்பி நாம் வாங்கக் கூடாது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். அதே மாலை அண்ணன் திரையை முழுதாக விரித்து, செங்குத்தாக நிறுத்திக் காட்டினார். அசந்துபோனேன். 17.3 அங்குலத் திரை நிமிர்த்தி வைத்தால் சுமார் 35 சென்டிமீட்டர் உயரம், 26 அகலம். ஏ4 தாள் 29.7-க்கு 21. அதாவது ஒரு பக்கம் அச்சில் வரப்போகும் அதே அளவில், தலைப்பிலிருந்து கையெழுத்துக் கோடு வரை முழுதாகக் கண் முன் நிற்கிறது. என் சென்டர் மானிட்டர் படுத்த வாக்கில் இருப்பது. எழுத்தை அச்சின் அளவுக்கு வைத்தால் பக்கத்தின் கீழ்ப்பகுதி மறைந்துவிடும். மேலும் கீழும் ஓட்டி ஓட்டிப் பார்ப்பதிலேயே நேரம் போகும். தீர்ப்புகளைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டிய உங்கள் தங்கைக்கு இது பெரிய வரம். லேப்டாப்பில் கிடைக்காத ஒன்று.

திரைக் கீபோர்டுக்கும் ஒரு நன்மை உண்டு. எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும் லேப்டாப் கட்டைகளில் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருக்கும். தமிழுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், இல்லை மனப்பாடம் செய்ய வேண்டும். திரையில் தமிழ் எழுத்தே தெரியும். இடது கைக்கு உயிரும் வலது கைக்கு மெய்யும் பெரும்பாலும் பிரிந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரம் பழகினால் தமிழ்99 கைக்கு வந்துவிடும். பழகிய பிறகு தனிக் கீபோர்டுக்கு மாறிக்கொள்ளலாம். செல்போனில் கட்டை விரலால் ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கியே பழகியவர் என்றால், எப்படியும் பார்த்துத்தான் தட்டுவார், மெயிலுக்குப் பதில், விண்ணப்பப் படிவம், வகுப்பில் இரண்டு வரிக் குறிப்பு, அதற்கெல்லாம் திரையே போதும்.

விலைதான் இடிக்கிறது. எச்பி மாடல் அமெரிக்காவில் 4,999 டாலருக்கு வந்தது, அன்றைய கணக்கில் 4 லட்சத்துக்கு மேல். அசூஸ் இங்கே 3 லட்சத்தைத் தாண்டியது. இவற்றில் இருப்பது ஓஎல்இடி திரை. புள்ளிக்குப் புள்ளி தானே ஒளிர்ந்து தானே தேய்கிற வகை. தினமும் ஒரே இடத்தில் கீபோர்டு படம் நின்றால் அந்தத் தடம் தங்கிவிடும் அபாயம் இருக்கிறது. மாணவிக்கு இவ்வளவு பணத்தைப் போட வேண்டாம் என்பதே என் எண்ணம். நல்ல கட்டை உள்ள சாதாரண லேப்டாப், கையில் மிச்சமிருந்தால் பிறகு செங்குத்தாகத் திருப்பி வைக்கக்கூடிய ஒரு மானிட்டர்.

இல்லை, மடிப்பதைத்தான் வாங்குவேன் என்று தங்கை நின்றால், கடையில் தனிக் கீபோர்டு பெட்டியிலேயே வருகிறதா, தனி விலையா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் ஒரு தமிழ்ப் பக்கத்தை அச்சிட்டு எடுத்துப் போய், அதை மட்டும் பார்த்தபடி திரையில் பத்து வரி அவரே தட்டட்டும். பிறகு அதே பத்து வரியைத் தனிக் கீபோர்டில். இரண்டையும் அங்கேயே பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.