பொருளியல் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பொறியியல் கலந்தாய்வை விட்டுவிட்டு பி.ஏ. பொருளியலில் சேர உங்கள் மகள் விரும்புவதும், பொருளியல் என்ற பெயரில் வரலாறும் கிராமக் கணக்கும் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று நீங்கள் கவலைப்படுவதும் சென்ற வாரம் நேரில் பேசியபோது புரிந்தது. அன்று அவர் காட்டிய நோட்டில், உழவர் சந்தைத் தக்காளி விலை எட்டு மாதங்களுக்கு நாள்வாரியாக எழுதப்பட்டு, மழை பெய்த நாள்களுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு இடப்பட்டிருந்ததை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

அந்தப் பழக்கத்துக்குப் பொருளியலில் நீண்ட மரபு உண்டு. சில அடிப்படைகளிலிருந்து தர்க்கத்தால் விதிகளை வருவிக்கலாம் என்று வியன்னாவின் பொருளியலாளர் கார்ல் மெங்கரும், வரலாற்றையும் புள்ளிவிவரத்தையும் திரட்டாமல் பொதுவிதி பேசுவது அவசரம் என்று பெர்லினின் பொருளியலாளர் குஸ்தாவ் ஷ்மோலரும் 1883-84இல் கடுமையாக மோதிக்கொண்டார்கள்.

ஷ்மோலர் வலியுறுத்திய, தகவல் திரட்டும் இந்த மரபு நம் ஊரிலும் வேர்விட்டது. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று சொந்தக் கிராமத்திலேயே விசாரித்துவரச் சொன்னார். அந்த ஆய்வுகள் 1918இல் நூலாயின. அவற்றுள் ஒன்றான, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு பின்னர் பலமுறை மறு ஆய்வு செய்யப்பட்டதால், ஒரே ஊரின் நிலவுடைமையும் கூலியும் ஏறத்தாழ நூறாண்டுகளில் மாறிய விதத்தை நம்மால் தொடர்ந்து பார்க்க முடிகிறது.

ஆனால் தகவல் திரட்டுவது மட்டும் போதாது. காரணத்தை விளக்கும் கோட்பாடு இல்லாமல் எண்களை மட்டும் திரட்டுவதை, கோட்பாடில்லாத அளவீடு என்று 1947இல் பொருளியலாளர் கூப்மன்ஸ் வைத்த விமர்சனம் இன்றும் பொருந்தும். 1992இல் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது, அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டு வேலைவாய்ப்பை ஆராய்ந்த பொருளியலாளர் டேவிட் கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்ததற்கு, ஒப்பிடத் தெரிந்த அந்தக் கூர்மையும் ஒரு காரணம்.

ஆகவே பிளஸ் டூவில் கணிதம் படித்த உங்கள் மகள் அதைக் கைவிடக் கூடாது என்பதே என் ஒரே நிபந்தனை. கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன், புள்ளியியலும், பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் பொருளாதார அளவையியலும் பாடத்திட்டத்தில் எத்தனை பருவங்கள் வருகின்றன என்று பாருங்கள். முதுகலை முடித்தால் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதலாம். வங்கிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் தரவைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இடமிருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டங்களை எனக்கு அனுப்பிவையுங்கள். அந்த நோட்டையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.