15 என்றால் ஃபெயில் இல்லை

கேள்வி: என் பெண் குழந்தைக்கு 14 மாதம். எடை 8.3 கிலோ. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பிள்ளையின் வளர்ச்சியைப் பதிவதற்கு ஓர் ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் ‘15’ என்று வருகிறது, ஆரஞ்சு நிறத்தில் புள்ளி வைக்கிறது. தினமும் ராத்திரி வீடியோ காலில் “இன்னைக்கு எவ்வளவு?” என்று கேட்கிறார். வீட்டுத் தராசில் தினமும் எடை பார்க்கிறேன். மாமியாரோ, “எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாமே ஒல்லிதான், போனைத் தூக்கிப் போடு” என்கிறார். நான் யாரை நம்புவது?
– ஒரு வாசகி, நீடாமங்கலம் அருகே

பதில்: முதலில் அந்த 15-ஐப் பார்த்துவிடுவோம். அது பரீட்சை மார்க் இல்லை. உங்கள் மகள் வயதுள்ள 100 பெண் குழந்தைகளை எடைப்படி வரிசையாக நிறுத்தினால், எடை குறைந்த பக்கத்திலிருந்து அவள் 15-வது ஆளாக நிற்கிறாள். அவ்வளவுதான். இந்த வரிசைக் கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நன்றாக வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டது. அதில் இந்தியாவும் உண்டு. 14 மாதப் பெண் குழந்தைகளில் நடுவில் நிற்பவளுக்கு 9.4 கிலோ. எடை குறைவு என்று எழுத வேண்டுமானால் 7.4 கிலோவுக்குக் கீழே இறங்க வேண்டும். உங்கள் மகள் அங்கே இல்லை. அந்த ஆரஞ்சு நிறம் ஆப் செய்தவருடைய யோசனை, டாக்டருடையது அல்ல.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: பிறந்த தேதியும், பெண் குழந்தை என்பதும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா? இதே 8.3-ஐ ஆண் குழந்தை என்று தட்டினால் புள்ளி இன்னும் கீழே போய்விடும். டாக்டர் குறித்த தேதிக்கு முன்னாலேயே பிறந்த பிள்ளை என்றால், இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், இந்தத் தினசரி எடை. இதை இன்றோடு நிறுத்துங்கள். இந்த வயதில் பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கே ஏறக்குறைய 200 கிராம்தான் ஏறும். ஒரு டம்ளர் பாலும், நனைந்த டயப்பரும் சேர்ந்தால் அதே 200 கிராம்! ஈர நெல் எடை கூடுதலாகக் காட்டும் என்று கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் பார்த்து வாங்குகிற ஊர்க்காரர்கள் நாம். பிள்ளை விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழிக்கிற வீட்டுத் தராசு இந்த வேலைக்கு ஆகாது. மாதம் ஒரு முறை அங்கன்வாடியில், ஒரே தராசில், டயப்பரும் கனத்த சட்டையும் இல்லாமல் போடுங்கள். அங்கே டீச்சரும் தன் போனில், போஷன் டிராக்கர் என்ற அரசு ஆப்பில்தான் பதிகிறார். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் ஆப்பில் ஏற்றுங்கள்.

மூன்று, நான்கு மாதப் புள்ளிகள் சேர்ந்த பிறகு கோட்டைப் பாருங்கள். 15-லேயே ஆரம்பித்து 15-ஐ ஒட்டியே போகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 60-இல் இருந்து 20-க்குச் சறுக்குகிற பிள்ளையை உடனே டாக்டரிடம் காட்டச் சொல்வேன், ஆப் பச்சை நிறம் காட்டினாலும். இரண்டு மாதம் எடை அப்படியே நின்றாலும் காட்ட வேண்டும். உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. ஒல்லி உடம்பு குடும்பத்தில் வரும். ஆனால் கோடு இறங்கினால் அதற்குக் குடும்பத்தைக் காரணம் சொல்ல முடியாது.

கணவரைக் கோபிக்காதீர்கள். கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவருக்குப் பிள்ளையைத் தூக்கிப் பார்க்க வழியில்லை, அதனால்தான் எண்ணைக் கேட்கிறார். மாதம் ஒரு நாள் அந்தக் கோட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். மற்ற நாட்களில் அவள் நடக்கிறதை, இட்லியைப் பிய்த்து வாயில் போடுகிறதைக் காட்டுங்கள்.

போனில் இதைவிட உபயோகமான இரண்டு சாமான் இருக்கிறது, டவுன்லோடே வேண்டாம்: ஸ்டாப்வாட்ச், கேமரா. கிராம செவிலியராக நான் சைக்கிளில் சுற்றிய காலத்தில் முள் கடிகாரம் வைத்து மூச்சு எண்ணுவோம். சளி, காய்ச்சலின்போது பிள்ளை அழாமல் இருக்கும் நேரத்தில் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், 108. வலிப்பை வீட்டில் வேறு யாராவது வீடியோ எடுத்தால், பத்து நிமிடம் வாயால் விளக்குவதைவிட அதுதான் டாக்டருக்கு உதவும்.

வாட்ஸ்அப்பில் நாத்தனார் அனுப்புகிற மருந்து அளவை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லியில் 125 அல்லது 250. அவர் ‘5 மில்லி’ என்று எழுதியது சிரப்புக்காக இருக்கும். உங்கள் கையில் இருப்பது சொட்டு மருந்து என்றால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். டாக்டர் சொன்ன அளவையும் அந்தப் பாட்டிலின் லேபிளையும் சேர்த்து ஒரே போட்டோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் சேய் நல அட்டையையும் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். 2018-இல் கஜா புயல் அடித்த பிறகு, நனைந்து கூழான அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ அம்மாக்கள் நின்றார்கள். தடுப்பூசி விவரம் இப்போது யூ-வின் என்ற அரசின் ஆன்லைன் பதிவிலும் ஏறுகிறது. அதில் யாருடைய எண் கொடுத்திருக்கிறது என்று நர்சிடம் கேளுங்கள். கணவரின் பழைய எண் என்றால் ஓ.டி.பி. அங்கேதான் போகும், உங்களுக்கு வராது.

16 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது ஊசியும் பூஸ்டரும் இருக்கின்றன. அன்றைக்கே எடையும் போட்டுவிடலாம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேத்தியை அவரே தராசில் உட்கார வைக்கட்டும்.