கொடியை விடுங்கள், நடுவிரலைக் கவனியுங்கள்

தம்பி, ஜெர்மனியில் அரசைத் திட்டினாலோ கொடியைக் கிண்டல் செய்தாலோ பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

சட்டம் இருக்கிறது. குற்றவியல் சட்டத்தின் 90ஏ பிரிவுப்படி, நாட்டின் கொடியையோ கீதத்தையோ பகிரங்கமாக இழிவுபடுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம். 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடிக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் நையாண்டிக்கு இங்கே நிறையவே இடம் கொடுக்கிறார்கள். கொடிமேல் ஒருவன் சிறுநீர் கழிப்பதாகக் காட்டிய ஒரு படத்துக்குக் கிடைத்த தண்டனையையே 1990இல் அரசியல் சாசன நீதிமன்றம் கலைச் சுதந்திரத்தைச் சொல்லி ரத்து செய்தது. சான்சலரின் கொள்கை படுமோசம் என்று தாராளமாக எழுதுங்கள். ஆளைக் கெட்ட வார்த்தையில் திட்டினால்தான் சிக்கல். அரசியல்வாதிகளுக்கென்றே 188ஆம் பிரிவு இருக்கிறது.

நம் ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் 185இல். 'பெலைடிகுங்', அதாவது சாதாரண அவமதிப்பு. ஆட்டோபானில், அதாவது அதிவேக நெடுஞ்சாலையில், குறுக்கே வந்தவனுக்கு நடுவிரல் காட்டினால் போதும், அவன் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போலீசுக்குப் போய்விடுவான். புகார் கொடுக்க அவனுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. பக்கத்தில் வேறு யாரும் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வாட்ஸ்அப்பில் தமிழில் திட்டினால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்கள்.

அபராதத்தை நாள் கணக்கில் போடுவார்கள். எத்தனை நாள் என்பது குற்றத்தைப் பொறுத்தது. ஒரு நாளுக்கு எவ்வளவு என்பது உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. கைக்கு மாதம் 3,000 யூரோ வருகிறதென்றால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 100. இருபது நாள் போட்டால் 2,000 யூரோ. ஒரு விரலுக்கு!

அப்புறம், இணையத்தில் எழுதும் விமர்சனங்கள். வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால், "பணம் இன்னும் வரவில்லை" என்று எழுதுங்கள், அது நடந்தது. "திருடன், எல்லாரையும் ஏமாற்றுகிறான்" என்று எழுதினால் 186ஆம் பிரிவு வரும். சொன்னது உண்மை என்று நிரூபணமாகாவிட்டால் பாதிப்பு எழுதியவருக்குத்தான். பொய் என்று தெரிந்தே எழுதியிருந்தால் 187, அது இன்னும் கடுமை.

போலீசிடமிருந்து விசாரணைக் கடிதம் வந்தால் பதறிப்போய் நீளமாக விளக்கம் எழுதாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பேசாமல் இருக்கலாம். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். மஞ்சள் உறையில் 'ஸ்ட்ராஃப்பெஃபேல்', அதாவது நேரில் விசாரிக்காமலே நீதிமன்றம் அனுப்பும் தண்டனை உத்தரவு, வந்தால் மட்டும் தள்ளிப்போடவே கூடாது. உறைமேல் தபால்காரர் தேதி எழுதியிருப்பார், அதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். விட்டுவிட்டால் நீதிமன்றப் படி ஏறாமலேயே தண்டனை உறுதியாகிவிடும். ஊருக்கு ஒரு மாத விடுமுறையில் போகும்போது தபால்பெட்டிச் சாவியை நம்பிக்கையான யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.