வாசகர் கேள்வி: வெயிலில் வெளுக்கும் நாற்றும் வைட்டமின் சி-யும்

கேள்வி: இலவம்பாடி முள் கத்தரி நடுவதற்காக, நிழல்வலைக் கூடாரத்தில் வளர்ந்த குழித்தட்டு நாற்றுகளை வாங்கி வந்தோம். பங்குனிக் கடைசியில் கழனியில் நட்ட மூன்றாம் நாளே இலைகள் வெளுத்து, ஓரம் கருகிவிட்டன. தண்ணீருக்குக் குறைவில்லை. வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்துத் தெளித்தால் சரியாகும் என்கிறார் என் மைத்துனர். செடிக்கும் வைட்டமின் சி தேவையா?
— ஒரு விவசாயி, அணைக்கட்டு

பதில்: தேவைதான். அது இல்லாமல் எந்தப் பச்சைச் செடியும் வளர முடியாது. ஆனால் நம்மைப் போல உணவிலிருந்து பெற வேண்டிய நிலை செடிக்கு இல்லை. தன் சர்க்கரையிலிருந்து தானே அதைத் தயாரித்துக்கொள்கிறது. அதற்கான முதன்மைப் பாதையை இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்மிர்னாஃப் குழுவினர் 1998இல் விளக்கினர்.

வைட்டமின் சி என்றதும் புளிப்பான காய்களே நம் நினைவுக்கு வருகின்றன. புளிப்புக்குப் பேர்போன புளியில் அது மிகக் குறைவு; புளிப்பே இல்லாத முருங்கைக்கீரையில் ஏராளம். இலையில் அதற்கு ஓயாத வேலை இருக்கிறது என்பதே காரணம்.

நம் வேலூர்ப் பக்கத்து வெயிலில் உச்சிப்பொழுது கத்தரிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். காலையில் விறைப்பாக நின்ற இலை துவண்டு தொங்கும், சாயங்காலம் தானே நிமிரும். அந்த நேரத்தில் நீரைக் காத்துக்கொள்ள இலைத்துளைகள் பெருமளவு மூடிக்கொள்வதால் கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது; வெயிலோ குறைவதில்லை. பயன்படாமல் மிஞ்சும் அந்த ஆற்றல் ஆக்சிஜன் மேல் பாய்ந்து, பசுங்கணிகத்துக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. புண்ணில் ஊற்றினால் நுரை பொங்குமே, அதே பொருள்தான். அது தேங்கினால் ஒளிச்சேர்க்கை நொதிகள் கெடும். வைட்டமின் சி, அதற்கென உள்ள ஒரு நொதியின் துணையோடு, அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக மாற்றிவிடுகிறது. மாற்றும்போது தான் இழந்த வலுவை வேறு வேதிப்பொருள்களிடமிருந்து திரும்பப் பெற்று, மறுபடியும் அதே வேலைக்கு வருகிறது. மிஞ்சிய ஒளியை வெப்பமாக வெளியேற்றும் மஞ்சள் நிறமியை உண்டாக்கும் நொதிக்கும் வைட்டமின் சி வேண்டும். செல் பிரிந்து வளரவும், காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் உருவாகவும்கூட அதன் உதவி தேவை.

தங்கள் நாற்றுக்கு நேர்ந்தது இதனோடு தொடர்புடையதே. செடி வெயிலுக்கு ஏற்பத்தான் வைட்டமின் சி-யைச் சேர்த்து வைக்கும். நிழலில் வளர்ந்த இலையில் அதுவும் குறைவு, மற்றப் பாதுகாப்புகளும் குறைவு. வேர் பிடிக்காத நிலையில் ஒரேயடியாக வெயிலில் நின்றதால், தண்ணீர் இருந்தும் இலை தாங்கவில்லை. மாத்திரைக் கரைசலை நான் பரிந்துரைக்கமாட்டேன். தண்ணீரில் கரைந்த வைட்டமின் சி காற்றுப்பட்டு விரைவில் சிதைந்துவிடும். அடுத்த முறை நாற்று வாங்கியதும், நடுவதற்கு முன் ஒரு வாரம் அதைப் பழக்குங்கள். முதல் இரண்டு நாள் காலை இளவெயிலில் மட்டும் வையுங்கள். பிறகு நாளுக்கு ஒரு மணி, இரண்டு மணி என்று நேரத்தைக் கூட்டுங்கள். தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள். மாலையில் நடுவது நல்லது. இப்போது வெளுத்த இலைகள் தேறமாட்டா. குருத்து பச்சையாக இருந்தால் செடியைப் பிடுங்க வேண்டாம், புதிதாக வரும் இலைகள் வெயிலிலேயே பிறப்பதால் தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: பச்சைப்பயற்றை முளைகட்டினால்தான் வைட்டமின் சி வரும் என்கிறார் என் மாமியார். உண்மையா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: உண்மைதான். காய்ந்த பயற்றில் அது ஏறக்குறைய இல்லை. ஊறி உயிர்ப்புப் பெற்றதும், வளர்ச்சிக்காக முளை அதை உடனே தயாரிக்கத் தொடங்குகிறது. சமைத்தால் வெப்பத்தில் கணிசமாக அழியும். ஆகையால் நன்றாகக் கழுவி, ஆவியில் லேசாக வேகவைத்தால் போதும்.