ஸ்ட்ரைப்பரின் இரட்டை கிட்டார்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். எங்கள் சபை வாலிபர் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். கூட இன்னொரு கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், பாடுவதற்கு நான்கு பேர். ஆறு மாதமாக ஸ்ட்ரைப்பர் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ மெட்டல் பேண்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு கிட்டார் சேர்ந்து ஒரே மெட்டை வேறு வேறு சுரத்தில் வாசிக்கும் அந்த இரட்டை கிட்டார் பாணியில் எங்கள் பாட்டுகளுக்கு இடையிசை அமைக்க ஆசை. நான் வாசிக்கும் சுரத்திலிருந்து மூன்று ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) மேலே வைத்து நண்பன் வாசிக்கிறான். சில இடங்களில் இனிமையாக இருக்கிறது, சில இடங்களில் அபசுரமாக இடிக்கிறது. என்ன பிழை?

இன்னொன்று. மூத்தவர்கள் சிலர் "அவர்கள் மஞ்சள் கறுப்பு உடையால் பேர் வாங்கியவர்கள், பாட்டில் ஒன்றுமில்லை" என்கிறார்கள். வேறு சிலர், 1990-இல் கர்த்தருடைய நாமத்தைப் பாட்டிலிருந்து எடுத்ததால்தான் விழுந்தார்கள் என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் கிரஞ்ச் என்ற புது ராக் இசை வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது என்று போட்டிருக்கிறது. எது சரி? எந்த ஆல்பத்தில் தொடங்கிக் கேட்கலாம்?

டி.

அன்புள்ள தம்பி டி.,

உடையைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடலாம். அந்தக் கோடுகள் ஏசாயா 53:5-ஐக் குறிப்பவை: 'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்' என்ற வசனம்; ஆங்கில பைபிளில் தழும்புக்கும் கோட்டுக்கும் 'ஸ்ட்ரைப்ஸ்' என்ற ஒரே சொல். பேண்டின் பெயருக்குக் கீழே அந்த வசன எண்ணையே போட்டார்கள். எண்பதுகளின் லாஸ் ஏஞ்சலஸில் உதட்டுச் சாயமும் விரித்த முடியும் இல்லாமல் மேடையேறிய மெட்டல் பேண்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாரும் வேடம் போட்ட ஊரில் வேடத்தால் மட்டும் யாரும் பத்து லட்சம் பிரதி விற்றுவிட முடியாது.

ஆள்களைச் சொல்லிவிடுகிறேன். பாட்டும் கிட்டாரும் மைக்கேல் ஸ்வீட். டிரம்ஸ் அவருடைய அண்ணன் ராபர்ட் ஸ்வீட். கூட்டம் தன்னைப் பார்க்க வேண்டும் என்று டிரம்ஸைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொள்பவர். இன்னொரு கிட்டார் ஆஸ் ஃபாக்ஸ், பேஸ் டிம் கெய்ன்ஸ். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டிக்காரர்கள். முதலில் ராக்ஸ் ரெஜீம் என்று பெயர், 1983-இல் ஸ்ட்ரைப்பர் ஆனார்கள். அவர்களை எடுத்துக்கொண்ட எனிக்மா கிறிஸ்தவ நிறுவனம் அல்ல. பாய்சன் பேண்டின் முதல் ஆல்பத்தை 1986-இல் வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். இதை முக்கியமாகச் சொல்கிறேன். கிறிஸ்தவப் புத்தகக் கடையின் ஓர் அலமாரியோடு நிற்காமல், பொது இசைக் கடையில் மற்ற மெட்டல் பேண்டுகளின் பக்கத்திலேயே இவர்களுடைய இசைத்தட்டும் இருந்தது. அங்கே நிற்க வேண்டுமானால் ஒலித்தரமும் வாசிப்பும் பக்கத்துத் தட்டுக்குக் குறையக் கூடாது. சாட்சிக்காக வாங்கிக்கொள்ளுங்கள் என்று அங்கே யாரிடமும் கேட்க முடியாது.

1984-இல் ஆறு பாட்டுகளோடு 'தி யெல்லோ அண்ட் பிளாக் அட்டாக்'. 1985-இல் 'சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்'. இதைத் தயாரித்தவர் மைக்கேல் வாகனர்; மறு ஆண்டு மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர். 1986-இல் 'டு ஹெல் வித் த டெவில்'. அமெரிக்கக் கணக்கில் ஐந்து லட்சம் பிரதி கோல்டு, பத்து லட்சம் பிளாட்டினம். இது பிளாட்டினம் தொட்டது. 'காலிங் ஆன் யூ', 'ஃப்ரீ' இரண்டும் எம்.டி.வி.யில் நேயர்கள் தொலைபேசியில் கேட்டு வாங்கும் நிகழ்ச்சியில் முதலிடம் வரை போயின. 'ஆனஸ்ட்லி' என்ற மெல்லிசைப் பாட்டு பில்போர்டு ஹாட் 100-இல் 23-ஆம் இடம். இத்தனையும் மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கூட்டத்துக்குள் வீசிக்கொண்டே. அதற்காக 'முத்துக்களைப் பன்றிகள்முன் போடுகிறார்கள்' என்று டெலிவிஷன் ஊழியர் ஜிம்மி ஸ்வாகர்ட்டிடம் திட்டும் வாங்கினார்கள். உங்கள் சபை மூத்தவர்களின் குறை நாற்பது வருடப் பழசு என்பதற்காகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி உங்கள் மூன்று ஃப்ரெட். பிழை அங்கேதான் இருக்கிறது. இரட்டை கிட்டாரில் 'தேர்ட்' என்பது ஃப்ரெட் கணக்கு அல்ல, ஸ்கேல் கணக்கு. ஈ மைனரை எடுத்துக்கொள்வோம்: ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி, டி. நீங்கள் எந்தச் சுரம் வாசித்தாலும், இந்த வரிசையில் ஒன்றை விட்டு அடுத்ததை நண்பர் வாசிக்க வேண்டும். நீங்கள் ஈ என்றால் அவர் ஜி; இடைவெளி மூன்று ஃப்ரெட். எஃப் ஷார்ப்புக்கு ஏ, அதுவும் மூன்று. ஆனால் ஜி-க்கு பி, அது நான்கு. ஏ-க்கு சி, பி-க்கு டி என இரண்டும் மூன்று. சி-க்கு ஈ, டி-க்கு எஃப் ஷார்ப் என இரண்டும் நான்கு. ஆக ஏழு சுரங்களில் மூன்றுக்கு உங்கள் கணக்கு தவறும். ஜி வாசிக்கும்போது நண்பர் ஏ ஷார்ப்பில் நிற்கிறார். அது ஸ்கேலிலேயே இல்லாத சுரம். இடிப்பது அந்த இடங்கள்தான்.

கை பழக இதைச் செய்யுங்கள். நீங்கள் இரண்டாம் கம்பியில் மட்டும் 5, 7, 8, 10, 12, 13, 15 என ஏறுங்கள். நண்பர் முதல் கம்பியில் மட்டும் 3, 5, 7, 8, 10, 12, 14. மெட்ரோனோமில் 60, ஒரு தட்டுக்கு ஒரு சுரம், ஏறி இறங்குங்கள். சுத்தமாக வந்தபின் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். ஒரே கம்பியில் ஏறுவது எதற்கென்றால், இடைவெளி மாறுவது கண்ணுக்குத் தெரியும். கழுத்தில் ஒரே இடத்தில் பல கம்பிகளில் பெட்டி பெட்டியாக ஸ்கேல் பாடம் பண்ணியவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

பெண்டிங்கிலும், அதாவது கம்பியை இழுத்துச் சுரத்தை உயர்த்துவதிலும், இதே சிக்கல். நீங்கள் ஏ-யிலிருந்து பி-க்கு இழுத்தால் இரண்டு ஃப்ரெட் அளவு. அவர் சி-யிலிருந்து டி-க்கு, அதுவும் இரண்டு. ஆனால் நீங்கள் எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி-க்கு இழுப்பது ஒரே ஃப்ரெட். அவர் ஏ-யிலிருந்து பி-க்குப் போக இரண்டு இழுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே அளவு இழுத்தால் ஒருவர் வழியிலேயே நின்றுவிடுவார். வைப்ரேட்டோவையும், அதாவது சுரத்தை அசைப்பதையும், முன்கூட்டியே பேசிவையுங்கள்: நீளமான சுரத்தில் முதல் இரண்டு தட்டு அசையாமல் பிடித்து, மூன்றாம் தட்டில் சேர்ந்து ஆரம்பிப்பது என்று. ஆளுக்கொரு வேகத்தில் அசைத்தால், டியூனிங் சரியாக இருந்தும் சுருதி விலகியதுபோல் கேட்கும்.

தேர்டை விட வேண்டிய இடமும் உண்டு. ஈ மைனர் கார்டின்மேல் (ஈ, ஜி, பி சேர்ந்து ஒலிப்பது) நீங்கள் பி-யில் நீண்டு நின்று முடிக்கிறீர்கள் என்றால், கணக்குப்படி நண்பருக்கு டி வரும். அது கார்டின் சுரம் அல்ல, அதனால் முடிவு தொங்கும். அங்கே அவர் ஈ வாசிக்கட்டும். ஓடும்போது ஸ்கேல், நிற்கும்போது கார்டு.

அடுத்தது ஒலி. ஸ்ட்ரைப்பரின் கிட்டார் ஒலி நடு அலைவரிசை தூக்கலானது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்-ஐக் குறைத்து பேஸும் டிரெபிளும் ஏற்றினால் கம்பீரமாகத் தோன்றும்; பேண்டோடு சேர்ந்தால் பேஸ் கிட்டாரும் சிம்பலும் அந்த இரண்டையும் தின்றுவிடும், கிட்டார் காணாமல் போகும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சபை ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மோனோவில், எல்லாவற்றிலும் ஒரே ஒலி வருமாறு, ஓடுபவை. அதனால் இடம் வலம் என்று பிரிப்பதால் பயன் இல்லை. ஒரு கிட்டாருக்கு 800 ஹெர்ட்ஸ் பக்கம், இன்னொன்றுக்கு 1.6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிரியுங்கள். டிஸ்டார்ஷன் (கிட்டாரின் கரகரப்பு) நீங்கள் நினைப்பதில் பாதி போதும். ஒரே ஆளே இரண்டு சுரத்தையும் ஒரே டிஸ்டார்ஷன் வழியாக வாசித்தால் அவை ஒன்றோடொன்று கலந்து கூடுதல் சுரங்கள் கிளம்பி, கலங்கலாகிவிடும். இரண்டு ஆள், இரண்டு தனி வழி என்பது அதனால்தான். எஃபெக்ட்ஸ் பிராசஸரை நேரே மிக்சரில் செருகுகிறீர்கள் என்றால், கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப் என்றால் காதருகே கொசு பறப்பதுபோல் ஒரு சத்தம் வரும், எந்த ஈக்வலைசராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைப்பரைத் தனித்துக் காட்டியது கிட்டாரைவிடக் குரல் என்பது என் எண்ணம். இரட்டை கிட்டார் வாசிக்க அன்றைக்கு ஆள் இருந்தார்கள். கோரஸில் இவ்வளவு சுத்தமாக அடுக்கிப் பாடிய மெட்டல் பேண்டு குறைவு. 'சோல்ஜர்ஸ்' ஆல்பம் முடிவதே 'பேட்டில் ஹிம் ஆஃப் த ரிபப்ளிக்' என்ற பழைய பாட்டில்தான். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று கொயர் பாடும் சபையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே காதில் இருக்கிறது. உங்களிடம் பாட நான்கு பேர் இருக்கிறார்கள்; இரண்டு பேர் மெட்டு, ஒருவர் மேல் தேர்ட், ஒருவர் கீழே. மேல் குரலை மிக்சரில் மெட்டைவிட இரண்டு மூன்று டெசிபல் கீழே வையுங்கள், இல்லையென்றால் ஜனங்கள் அதையே மெட்டு என்று பிடித்துப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். தமிழ்ப் பாட்டில் வரி முடிவு பெரும்பாலும் 'ம்'. 'துதிப்போம்' என்றால் 'போ'-வை நீட்டி, வாயை எந்தத் தட்டில் மூடுவது என்று முடிவுசெய்யுங்கள். நான்கு பேர் நான்கு இடத்தில் மூடினால் அடுக்கு கலைந்துவிடும். பதிவு செய்வதாக இருந்தால் ஒவ்வொரு குரலையும் இரண்டு முறை தனித்தனியாகப் பாடிப் பதியுங்கள்; ஒன்றை நகலெடுத்து ஒட்டினால் சத்தம் கூடும், அகலம் வராது.

இனி 1990. கிரஞ்ச் விளக்கம் தேதியிலேயே உடைந்துவிடுகிறது. 'அகெய்ன்ஸ்ட் த லா' வந்தது 1990-இல். கிரஞ்சை உலகெங்கும் கொண்டுபோன நிர்வாணா பேண்டின் 'நெவர்மைண்ட்' வந்தது 1991 செப்டம்பரில். ஸ்ட்ரைப்பரின் தட்டு விற்காமல் போனபோது கிரஞ்ச் இன்னும் சியாட்டில் பக்கத்துச் சங்கதிதான். நடந்தது வேறு. 1988-இன் 'இன் காட் வீ டிரஸ்ட்' கோல்டு ஆனது, ஆனால் ஒலியில் கீபோர்டும் பாப் மெருகும் ஏறி, மெட்டல் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அதைச் சரிக்கட்ட 1990-இல் டாம் வெர்மனைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டார்கள். மோட்லி குரூ என்ற மெட்டல் பேண்டின் 'ஷவுட் அட் த டெவில்' தயாரித்தவர். கோடுகள் போயின, கறுப்புத் தோலுடை வந்தது, பாட்டில் தேவன் பெயர் மறைந்தது, நடுவில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் என்ற ஃபங்க் குழுவின் பாட்டு ஒன்று. வாசிப்பு என்று பார்த்தால் அவர்களுடைய உறுதியான ஆல்பங்களில் ஒன்று. ஆனால் அந்த வருடம் அதேபோல் இருபது பேண்டுகள் இருந்தன. கிறிஸ்தவக் கூட்டம் விலகியது. மற்றக் கூட்டத்துக்கு இவர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை. எனிக்மாவும் அதையடுத்து மூடப்பட்டது. 1991-இல் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் ஒரு தொகுப்பு போட்டது, 1992-இல் மைக்கேல் விலகினார். இதில் தெய்வ தண்டனை என்று வாசிக்க விரும்புகிறவர்கள் வாசிக்கட்டும். எனக்கு இது ஒரு பேண்டு தன் முகவரியைத் தானே அழித்துக்கொண்ட கதை.

2003-இல் மீண்டும் சேர்ந்தார்கள், 2005-இல் 'ரீபார்ன்'. நடுவில் மைக்கேல் ஸ்வீட் சில ஆண்டுகள் பாஸ்டன் பேண்டிலும் பாடினார். 2013 முதல் இத்தாலியின் ஃபிரண்டியர்ஸ் நிறுவனத்தில் தொடர்ந்து ஆல்பங்கள் வருகின்றன. 2017-இல் டிம் கெய்ன்ஸ் போய், ஃபயர்ஹவுஸ் பேண்டில் இருந்த பெர்ரி ரிச்சர்ட்சன் பேஸுக்கு வந்தார். ஒலி இப்போது எண்பதுகளைவிடக் கனம். இசைக் கலைஞர்கள் பழைய ஆல்பத்திலேயே நின்றுவிடுவது நம் பக்கத்து வழக்கம், அதைச் செய்யாதீர்கள்.

கேட்கும் வரிசை: முதலில் 'டு ஹெல் வித் த டெவில்'. அதில் பேஸ் வாசித்தவர் டிம் கெய்ன்ஸ் அல்ல, பிராட் காப் என்ற ஸ்டூடியோ கலைஞர். உங்கள் பேஸ் தம்பியிடம் சொல்லுங்கள். அடுத்து 'சோல்ஜர்ஸ்'. பிறகு நேரே 2013-இன் 'நோ மோர் ஹெல் டு பே'. பாட்டுகளைக் கையில் எடுத்து வாசிக்க அதே ஆண்டின் 'செகண்ட் கமிங்' நல்லது: பழைய பாட்டுகளைப் புதிதாகப் பதிந்தது, இரண்டு கிட்டாரும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும். ஹெட்போனில் இடது காதை மட்டும் வைத்து ஒரு முறை, வலது காதை மட்டும் வைத்து ஒரு முறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1990 ஆல்பத்தைக் கடைசியாகக் கேளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். கிட்டார்காரருக்கு அதில் வேலை இருக்கிறது.

அன்புடன்.